வானத்திலே ஓர் ஓட்டை

அடுத்த வீட்டு அம்மாள் இங்கே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். போன வாரம் மகளையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வழக்குக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, நான் நாள் முழுக்கத் துணியிலே ஓட்டை இருக்குதான்னு பார்க்கறேன். இவ என்னடான்னா வானத்து ஓட்டையைப் பத்திப் படிக்க மெட்ராஸ் போகோணுங்கறா! முட்டிவலியோட நானொருத்தி இங்கே என்னங்க பண்றது?"

மகள் தூணோரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, துணியில் ஓட்டை என்றால் அங்கே நூல் இல்லை. கருந்துளை அதற்கு நேர்மாறு. பொருள் அளவுக்கு மீறி நெருக்கிக்கொண்டு கிடக்கும் இடம் அது" என்றேன்.

நட்சத்திரத்துக்குள்ளே எரியும் அணு நெருப்பு வெளியே தள்ளுகிறது. அதன் சொந்தப் பாரம் உள்ளே இழுக்கிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை குடித்தனம் ஒழுங்காக நடக்கும். எரிபொருள் தீர்ந்ததும் பாரத்தின் கை ஓங்கிவிடுகிறது. நம் சூரியனைப் போன்றவை சுருங்கி, 'வெள்ளைக் குள்ளன்' என்ற கனலாக அடங்கிவிடும். மிகப் பெரிய நட்சத்திரங்கள் சிலவற்றின் நடுப்பாகமோ, எதுவும் தாங்கமாட்டாமல் நொறுங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒளிகூட அங்கிருந்து தப்பமுடியாது. நம் பூமி அப்படி ஆகவேண்டுமானால், அதைக் கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கவேண்டும், பாருங்கள்!

இதற்கு வழிகாட்டிய கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த பிள்ளை. 1930-ல், 19 வயதில், பம்பாயிலிருந்து சீமைக்குக் கப்பலில் போகும்போதே சுப்பிரமணியன் சந்திரசேகர் அதைத் தொடங்கிவிட்டார். வெள்ளைக் குள்ளன் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1935-ல் லண்டனில், பெரிய மேதை எடிங்டன் சபையறிய அதைப் பரிகசித்தார். ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது. 2019-ல் ஒரு கருந்துளையின் நிழலையே உலகம் படமாகப் பார்த்தது. அதன் எடை 650 கோடி சூரியன்கள்!

"அந்தப் பையனோட அம்மா எப்படிங்க விட்டாங்க?" என்றாள் அவள்.

அதுதான் கதையே. தாயார் சீதாலட்சுமி, இப்சன் நாடகத்தைத் தமிழாக்கிய விவேகி. மகன் கிளம்பும்போது அவர் நோயில் கிடந்தார். போகவேண்டாம் என்று சுற்றத்தார் தடுத்தபோதும், அவன் போகத்தான் வேண்டும் என்று நின்றவர் அவரே. மறு வருஷம் அவர் கண்மூடினார். மகன் கடலுக்கு அப்பால் இருந்தார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை குழாயடியில் அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். "மகள் எங்கே?" என்றேன்.

"அது மெட்ராசுக்குத் துணிமணி எடுத்து வைக்குதுங்க. நானும் குடம் தூக்கிப் பழகிக்கோணுமில்லீங்களா?"