சோதிக்காததும் தேறியதும்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மிளகைத் தரம் பிரிக்கும் முறை முழுவதும் நிபந்தனைகளால் ஆனது. மலைத் தோட்டங்களிலிருந்து புடைக்கப்படாமல் வரும் சரக்கு 'அன்கார்பிள்டு' எனப்படும். அது சலிக்கப்பட்டு, ஈரப்பதம் 11 விழுக்காட்டையும், தூசி தும்பு போன்ற அயற்பொருள் 0.5 விழுக்காட்டையும், கனமற்ற பதர் மணிகள் 2 விழுக்காட்டையும் தாண்டாத நிலையை எட்டினால்தான் 'மலபார் கார்பிள்டு' முதல் தரம் என்னும் பெயரைப் பெறும். ஈரம் மிகுந்தால் சரக்கு மீண்டும் வெயிலுக்குச் செல்லும். கழிக்கப்பட்ட பதரும் வீணாகாமல், ஓலியோரெசின் என்னும் சாறு வடிக்கும் ஆலைகளுக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவும் அடுத்த வழியைத் தீர்மானிக்கிறது.

நகரின் கிழக்கே காக்கநாட்டில் 2004 முதல் இயங்கும் இன்ஃபோபார்க் போன்ற வளாகங்களில் மென்பொருள் எழுதுவோரும் இதற்கு இணையான ஓர் ஒழுங்கையே 'பைப்லைன்' என்கின்றனர். பலர் எழுதும் நிரல்கள் பொதுக் கிளையில் சேரும்போதெல்லாம் அவற்றைத் தானாகத் தொகுத்துச் சோதிப்பது தொடர் ஒருங்கிணைப்பு. தேறியதைப் பயனர்களுக்குச் சேவை தரும் வழங்கிகளுக்குத் தானாகக் கொண்டுசேர்ப்பது தொடர் வெளியீடு. இடையில் எந்தப் பணி எப்போது ஓட வேண்டும் என்பதை, இதற்குரிய கருவிகளுள் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் 'இஃப்', கிட்லேபில் 'ரூல்ஸ்', ஜென்கின்ஸில் 'வென்' ஆகிய சொற்களால் எழுதுவதே நிபந்தனைத் தர்க்கம். விளக்கக் கோப்பு மட்டும் மாறியிருந்தால் நீண்ட சோதனைகளை ஓட்ட வேண்டியதில்லை, முதன்மைக் கிளையிலிருந்து மட்டுமே வெளியிட வேண்டும் என்பன இதன் எளிய வடிவங்கள்.

நிபந்தனை இல்லாத இடத்தில் நேர்வதை 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிடல் பங்கு வணிக நிறுவனம் கண்டது. எட்டு வழங்கிகளில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. எட்டும் ஒத்திருந்தால் மட்டுமே வணிகத்தைத் தொடங்கு என்று தடுக்கும் கட்டளையும் இல்லாததால், சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு ஏற்பட்டது.

ஆயினும் நிபந்தனை இருந்தும் வாயில் திறந்துகிடப்பது இதைவிட அஞ்சத்தக்கது, ஏனெனில் அங்கே காவல் இருப்பதாகவே எல்லோரும் நம்புகின்றனர். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஒரு பணி அதன் நிபந்தனையால் தவிர்க்கப்பட்டால், அதன் நிலை வெற்றி என்றே பதிவாகிறது. பல சோதனைகளின் முடிவை ஒன்றுதிரட்ட இறுதியில் ஒரு வாயிற்பணியை வைத்து, அது தேறினால்தான் நிரலை இணைக்கலாம் என்று விதிக்கும் வழக்கம் பரவலானது. ஆனால் முந்தைய சோதனை ஒன்று தோற்றால், அதைச் சார்ந்த வாயிற்பணி இயல்பாகவே ஓடாமல் தவிர்க்கப்படுகிறது, தவிர்க்கப்பட்டதால் வெற்றியாகக் கொள்ளப்படுகிறது, முடிவில் தோற்ற நிரல் முதன்மைக் கிளைக்குள் நுழைந்துவிடுகிறது. ஈரமானியே வைக்கப்படாத மூட்டையில் முதல் தர முத்திரை குத்துவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இதற்கு நேர்மாறாக, கோப்புப் பாதையை வைத்து முழுப் பணித்தொடரையே தவிர்த்தாலோ, கட்டாயச் சோதனை காத்திருப்பு நிலையிலேயே நின்று, குற்றமற்ற திருத்தத்தையும் இணைய விடாது. ஒரே கருவிக்குள் தவிர்த்தல் என்னும் சொல்லுக்கு இப்படி இரு பொருள் இருப்பது, அதைக் கற்கும் இளம் பொறியாளர்களுக்கு இழைக்கப்படும் அநீதி.

ஆகவே வாயிற்பணியின் நிபந்தனையில் 'ஆல்வேஸ்', அதாவது எந்நிலையிலும் ஓடுக என்று எழுத வேண்டும். அதனுள், சார்ந்திருக்கும் ஒவ்வொரு பணியின் முடிவும் வெற்றிதானா என்று தனித்தனியே கேட்டு, தோல்வி, ரத்து, தவிர்ப்பு ஆகியவற்றுள் எது வந்தாலும் நிறுத்தும் கட்டளையைச் சேர்க்க வேண்டும். உண்மையிலேயே தவிர்க்கத் தகுந்த பணிகள் இருப்பின், அவற்றின் பெயர்களை மட்டும், எந்த மாற்றத்துக்கு எது தவிர்க்கப்படலாம் என்ற காரணத்தோடு, அதே கோப்பில் தனியே குறித்துவைப்பது தகும்.