படத்திற் காணாத அதிகாரம்

டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இயற்றிய 'லார்டு ஆப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதை 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. நியூஸீலாந்து தேயத்தவராகிய பீட்டர் ஜாக்ஸன் அதனை மூன்று திரைப்படங்களாக்கி, 2001 முதல் 2003 வரை ஆண்டுக்கொன்றாக வெளியிட்டார். மூன்றாவது படம் 2004-ஆம் ஆண்டில் 11 ஆஸ்கார் பரிசில்களைப் பெற்றது. யான் படங்களை முன்னர்க் கண்டு, நூலைப் பின்னர்க் கற்றேன். கற்குங்கால், இறுதிப் பகுதியில் யான் சிறிதும் எதிர்பாராத அதிகாரம் ஒன்று எதிர்ப்பட்டது. அதனைப் படத்தினின்றும் நீக்கியது தகுமோ என்பதே ஈண்டு எழும் வினா.

கதையறியாதார் பொருட்டுச் சில கூறுவேன். ஷயர் என்பது ஹாபிட்டுகள் என்னும் குறுகிய உருவினர் உழுதுண்டு வாழும் அமைதியான நாடு. அவருள் பிராடோ என்பான், உலகையே அடிமைப்படுத்தவல்ல தீய மோதிரமொன்றை எரிமலையிலிட்டு அழிக்குமாறு தோழர் மூவருடன் புறப்படுகின்றான். மோதிரம் அழிகின்றது, நால்வரும் வீடு திரும்புகின்றனர்.

படத்தில் அவர்கள் விட்டுச்சென்ற ஷயர் அவ்வாறே பசுமையாக இருக்கின்றது. நூலிலோ, சொந்த நாட்டின் வாயிற்கதவே அவர்களுக்கு அடைக்கப்பட்டிருக்கின்றது! மரங்கள் வெட்டுண்டு கிடக்கின்றன, பழைய ஆலை இருந்த இடத்தில் புதிய ஆலையொன்று நின்று ஓடைநீரைக் கெடுக்கின்றது, விளைந்த தானியம் பறிபோகின்றது, எதிர்த்தோர் சிறையிலிருக்கின்றனர். போரில் தோற்ற சாருமான் என்னும் மாயாவியே இத்தனைக்கும் காரணன். நால்வரும் ஊராரை எழுப்பிப் போரிடுகின்றனர். ஹாபிட்டுகள் 19 பேர் மடிகின்றனர்.

மோதிரம் அழிந்தபின் மற்றுமொரு போரைக் காட்டின் காண்போர் சலிப்பர் என்று கூறுவாருளர். அக்கூற்றில் உண்மையுண்டு, மூன்றாம் படம் 201 நிமிடம் ஓடுவது, அதற்கே முடிவுகள் மிகப்பல என்று நகைத்தவர் பலர். ஆயினும் முதற்படத்தில் கலாட்ரியேல் என்னும் அரசியின் நீர்க்கண்ணாடியில், ஷயர் தீப்பற்றி எரிவதையும் அதன் மக்கள் விலங்கிடப்பட்டு நடப்பதையும் பிராடோ காண்கின்றான். அச்சமூட்டிய அக்காட்சி பின்னர் எங்கும் நிகழவில்லை. போர் பிறர் நாட்டில் நடப்பது, நம் இல்லம் என்றும் அவ்வண்ணமே இருக்கும் என்னும் எண்ணத்தையன்றோ இது விளைக்கின்றது?

டோல்கீன் அவ்வெண்ணம் உடையவரல்லர். அவர் 1916-ல் ஸோம் போர்க்களத்தில் நின்றவர். நெருங்கிய நண்பருள் ஒருவரொழிய ஏனையோரை 1918-க்குள் இழந்தவர். பர்மிங்காமுக்கு அருகே தாம் சிறுவராய் ஆடித்திரிந்த கிராமப்புறம் நகரால் விழுங்கப்பட்டதையும் கண்டவர். இவ்வதிகாரம் இரண்டாம் உலகப்போருக்குப் பிற்பட்ட இங்கிலாந்தைக் குறித்தது என்பதை அவர் மறுத்தார். கதைக்கு இன்றியமையாத உறுப்பெனத் தொடக்கத்திலேயே கருதியதென்றும் எழுதினார். அவ்வுறுப்பையே வெட்டியெறிந்தனர். (சாருமானும் திரையரங்குகளில் ஓடிய மூன்றாம் படத்தில் முகங்காட்டவேயில்லை, பின்னர் வந்த நீண்ட பதிப்பிலேயே அவன் இறப்பைக் காண்கிறோம்.)

யான் மிகுதியும் வருந்துவது பிராடோவின் பொருட்டே. அப்போரில் அவன் வாளுருவவில்லை. சரணடைந்த பகைவரைக் கொல்லவொட்டாது தன் மக்களைத் தடுக்கின்றான். தன்னைக் குத்த முயன்ற சாருமானையும் உயிரோடு போகவிடுகின்றான். மற்றை மூவரையும் ஊரார் கொண்டாடுகின்றனர். அவனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. சாம் என்னும் தோழன் கலாட்ரியேல் அளித்த மண்ணைத் தூவி, விதையை நட்டு, வெட்டுண்ட நாட்டை மீண்டும் தளிர்க்கச் செய்கின்றான். நாட்டின் புண் ஆறுகின்றது. பிராடோவின் புண் ஆறவில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கண்டாலன்றி அவன் கப்பலேறிச் செல்லும் துயரம் முழுதும் விளங்காது.

எனினும் படத்தில் ஒரு காட்சியை யான் மறவேன். திரும்பிவந்த நால்வரும் சாராயக் கடையில் அமர்ந்திருக்கின்றனர். பெரிய பூசணிக்காய் ஒன்றை ஊரார் வியந்து நிற்கின்றனர். இவர்களைத் திரும்பிப் பார்ப்பாரில்லை. நால்வரும் ஒருவரையொருவர் நோக்கி, ஒன்றும் பேசாது, குவளைகளை உயர்த்துகின்றனர்.