‘லைன் கிளியர்’ இல்லாத வானலை

பினாங்கின் பிறையில் ரயில்வே குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு ‘லைன் கிளியர்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. 1967இல் பட்டர்வொர்த் நிலையம் திறக்கும்வரை இந்தப் பக்கத்து ரயில் வந்து நின்ற கடைசி இடம் பிறைதான். ஒற்றைத் தண்டவாளக் காலம் அது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ‘வரலாம்’ என்று உறுதி சொல்லி, டோக்கன் கைக்கு வந்த பிறகுதான் ஓட்டுநர் வண்டியை நகர்த்துவார். வண்டி போய்ச் சேர்ந்ததும் சேர்ந்த செய்தி திரும்பி வரும். வராவிட்டால் இந்தப் பக்கத்தில் ஒருவரும் தூங்கப் போக மாட்டார்கள். இந்தப் பாதையைப் போட்டவர்களிலும் காத்தவர்களிலும் நம் பாட்டன்மார் பலர் இருந்தார்கள்.

செய்தியை அனுப்பியதோடு வேலை முடியாது, போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்தால்தான் முடியும் என்ற அந்த ஒழுங்கு இப்போது நம் வானலைக்கு வேண்டும். பினாங்கு மாநில அரசும் செபராங் பிறை மாநகர் மன்றமும் கைப்பேசிக் கோபுரங்களைச் சாராத, மெதுவான, எளிய பாக்கெட் ரேடியோ (பொட்டல வானொலி) வலை ஒன்றைப் பேரிடருக்கென்று அமைக்க வேண்டும். அமைப்பதோடு நிற்காமல், அது வேலை செய்கிறதா என்று மாதந்தோறும் சோதித்துக் காட்டவும் வேண்டும்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவை நாம் மறக்கவில்லை. புயல் காற்றும் மழையும் விடிய விடிய அடித்தன. மரங்கள் சாய்ந்தன, தீவிலும் பெருநிலத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது, பல வட்டாரங்களில் மின்சாரம் போனது. மாநில அரசு இராணுவத்தின் உதவியைக் கேட்டது. பினாங்கில் ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இரவில் கைப்பேசியின் கதி என்ன? கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். கோபுரத்துக்குப் போகும் கேபிள் ஓரிடத்தில் அறுந்தாலும் அதை நம்பியிருக்கும் வட்டாரம் முழுவதும் ஊமையாகும். கோபுரம் நின்றிருந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் யாருக்கும் இணைப்பு கிடைக்காது.

அதற்கும் முந்தைய 2004 டிசம்பர் 26 இன்னும் கசப்பானது. சுமத்ராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை 9 மணி ஆகப் போகிறது. சுனாமி அலை நம் கரையைத் தொட்டது பிற்பகல் 1 மணிக்குப் பிறகு. நான்கு மணி நேரம் இருந்தும் கரைக்குச் செய்தி வரவில்லை. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கு மக்கள். அன்று எச்சரிக்கை ஏற்பாடே இல்லை என்பது உண்மைதான்; கருவியின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதே நாளில் புதுச்சேரிக் கரையின் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைப் பாருங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு நடந்த அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கதவைத் திறந்து அறிவித்தார்கள், ஊர் பிழைத்தது. உயிர்களைக் காத்தது ஒரே ஒரு வாக்கியம். அது சரியான கைக்குப் போய், அந்தக் கையிலிருந்து அடுத்த கைக்கும் போனதுதான் காரியம்.

ஒரு வாக்கியத்துக்கு 5ஜி வேண்டாம். ஆற்றின் நீர்மட்டம், ஒரு நிவாரண மையத்தில் இருப்போரின் எண்ணிக்கை, ‘இங்கே இன்சுலின் தீர்ந்துவிட்டது’ என்ற குறிப்பு எல்லாமே சில நூறு எழுத்துகளுக்குள் அடங்கும். அவற்றைச் சிறு பொட்டலங்களாக்கி வானலையில் அனுப்பும் கலைக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழு கட்டிய அலோஹாநெட், தீவுகளுக்கு நடுவே கணினிகளைக் கம்பியின்றி இணைத்தது. கடல் நடுவில் கிடக்கும் நமக்கு அது அந்நியமான கதை அல்ல. இன்று லோரா என்ற சில்லு பொருத்திய உள்ளங்கை அளவுக் கருவி, கையடக்க பேட்டரியில் பல கிலோமீட்டர் பேசுகிறது. 919 முதல் 923 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த ஆற்றலில் இயங்கும் சான்று பெற்ற கருவிகளுக்கு, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் பொது அனுமதியே போதும். மெஷ்டாஸ்டிக் என்ற திறந்த மென்பொருளை ஏற்றினால் ஒரு கருவி கேட்டதை அடுத்தது வாங்கிச் சொல்லும். நம் இளைஞர்கள் சிலர் ஆர்வத்தோடு இதைச் செய்து பார்க்கிறார்கள். அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் நூறு கருவிகளை வாங்கி விநியோகித்து, அமைச்சரோடு படம் எடுத்துவிட்டால் வலை ஆகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த எண்ணத்தோடுதான் நாம் மோத விரும்புகிறோம். கருவி கூடினால் வலை வலுக்கும் என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது. வானலையில் அது பல நேரம் தலைகீழாகத்தான் நடக்கும்.

காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் பிறைத் தொழிற்பேட்டையில் சமிக்ஞை விளக்கு இல்லாத ஒரு முச்சந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மோட்டார்சைக்கிள் என்றால் பிரச்சினை இல்லை. ஆயிரம் வந்தால் யாரும் நகர முடியாது. அலோஹா முறையும் அப்படித்தான்: தோன்றியபோது பேசு, மோதினால் மறுபடி பேசு. கணக்குப் போட்டுப் பார்த்தால், இப்படி நடக்கும் அலைவரிசையில் அதிகபட்சம் 18 விழுக்காட்டு நேரம்தான் பயனுள்ள பேச்சுக்கு மிஞ்சும். அதற்கு மேல் கூட்டினால் மோதல் கூடி, போய்ச் சேருவது குறையும். நேரத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, கட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் பேச வேண்டும் என்று விதித்தால் அதே அலைவரிசை இரட்டிப்பாகும், ஏறத்தாழ 37 விழுக்காடு. புதிய ஆண்டெனா இல்லை, கூடுதல் வாட் இல்லை. நேர ஒழுங்கு ஒன்றுதான் புதிது.

‘பேசுமுன் காது கொடுத்துக் கேட்டால் போதாதா?’ என்று தோன்றும். கேட்க வேண்டும்தான், ஆனால் புக்கிட் மெர்தாஜாம் மலைக்கு மேற்கே பிறையில் ஒரு கருவி, கிழக்கே மாச்சாங் பூபோக்கில் ஒரு கருவி, மலை உச்சியில் கேட்டதை வாங்கித் திருப்பிச் சொல்லும் ஓர் அஞ்சல் நிலையம் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள இரண்டும் மலையைக் கேட்கும். ஒன்றை ஒன்று கேட்காது. ‘வானலை சும்மாதானே இருக்கிறது’ என்று இரண்டுமே ஒரே நேரத்தில் பேசினால், உச்சியில் இரண்டும் மோதிச் சிதறும். இந்த மறைந்த நிலையச் சிக்கலை டொபாகி, கிளைன்ராக் என்ற ஆய்வாளர்கள் 1975இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். மலையும் கடலும் கலந்து கிடக்கும் நம் மாநிலத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, அன்றாட நிலவரம்.

அடுத்தது லைன் கிளியர். ஐந்து அஞ்சல் தாண்டிப் போக வேண்டிய செய்தி, ஒவ்வொரு தாவலிலும் பத்துக்கு ஒன்பது முறை பிழைக்கிறது என்று வைப்போம். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்தையும் பெருக்கினால் கடைசியில் சேர்வது நூற்றுக்கு 59. ‘கிடைத்தது’ என்ற பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். அதையும் சேர்த்தால் நூற்றுக்கு 35. ஒரு செய்திக்குச் சராசரியாக மூன்று முறை முழுப் பயணம், ஒவ்வொன்றும் மற்றவர்களின் வானலையைத் தின்றுகொண்டு. ஒவ்வொரு அஞ்சலும் அடுத்ததிடம் ஒப்படைத்து, ‘வாங்கிக்கொண்டேன்’ என்ற உறுதி வரும்வரை தன் பொறுப்பில் வைத்திருந்தால் கதையே வேறு. ஒரு தாவலுக்குச் சராசரியாக ஒன்றேகால் முயற்சி போதும்; செய்தியும் தொலையாது. 1980களில் ஏஎக்ஸ்.25 என்ற பாக்கெட் ரேடியோ முறையில் அஞ்சல் அமைத்த அமெச்சூர் வானொலிக்காரர்கள் அடிபட்டுக் கற்ற பாடம் இது. இன்றைய மெஷ் கருவிகளின் எளிய பரப்பு முறையில் நடுவழியில் யாரும் பொறுப்பேற்பதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறந்துவிடுகின்றன. நண்பர்கள் அரட்டைக்கு அது போதும். நீர்மட்டத்துக்குப் போதாது.

அதனால் உயரமான சில இடங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே நல்ல நிலையங்களை வைப்பதே அறிவு. கப்பல் வரவைக் கொடியேற்றி ஊருக்குச் சொன்னதால்தான் பினாங்கு மலைக்குக் கொடிமலை என்று பேர். அதற்கு மேல் ஒன்று, புக்கிட் மெர்தாஜாம் உச்சியில் ஒன்று. கெடா அரசு கைகொடுத்தால் 1,217 மீட்டர் உயர குனோங் ஜெராயில் ஒன்று. கடாரம் தேடி வந்த கப்பல்காரர்களுக்கு அடையாளமாக நின்ற மலை அது, நமக்கும் நிற்கும். வீட்டுக் கருவிகள் எல்லாமே தம்மை அஞ்சல் நிலையமாக அறிவித்துக்கொள்ளாமல், வாய் குறைத்துக் காது கூட்டட்டும். ஆற்று அளவைகளுக்கு ஆளுக்கொரு நேரக் கட்டம் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று இருப்பிடம் சொல்லும் வெட்டிப் பேச்சை, வெள்ள எச்சரிக்கை வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

இதெல்லாம் ஆய்வகக் கனவு என்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் தேனியைக் காட்டுவோம். அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் மையங்களைத் தன் தேனி மருத்துவர்களோடு காணொளியில் இணைக்க விரும்பியது. பெர்க்லி பல்கலைக்கழகக் குழு கைகோத்தது. சாதாரண வைஃபை கருவியைத் திசை ஆண்டெனாவோடு கோபுரத்தில் ஏற்றினார்கள். சிக்னல் போனது, வேகம் வரவில்லை. ஓர் அறைக்குள் பேச வடிவமைத்த முறை அது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் வரக் காத்திருக்கும், தொலைவில் பதில் தாமதமானால் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். அவர்கள் அந்த முறையைக் கழற்றிவிட்டு, ‘நீ பேசு, பிறகு நான்’ என்று நேரம் பிரித்தார்கள். பதில்களை மொத்தமாகக் கட்டி அனுப்பினார்கள். வழியில் சில பொட்டலம் தொலைந்தாலும் ஈடுகட்ட உபரி சேர்த்தார்கள். அதே கருவியில் தரவு வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது. 2007இல் இது ஆய்வுரையாக வெளிவந்தது.

நமக்கு இன்னும் முக்கியமானது அதே குழு அடுத்த ஆண்டு எழுதியது. வலையை அடிக்கடி வீழ்த்தியது வானலை அல்ல, மின்சாரம். ஏறி இறங்கும் மின்னழுத்தம் கருவிகளைச் சுட்டது, பேட்டரியைக் கொன்றது. பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாததால் சிறு கோளாறும் நாள்கணக்கில் நீண்டது. மருத்துவமனை ஊழியர்களுக்கே சொல்லிக் கொடுத்த பிறகுதான் வலை காலூன்றியது.

பினாங்குக்கு இதில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. உலகின் போலீஸ்காரர்களும் தீயணைப்பு வீரர்களும் பிடித்திருக்கும் வாக்கி டாக்கிகளில் எத்தனையோ, 1970களிலிருந்து மோட்டோரோலா வேரூன்றிய இந்த மாநிலத்தில் வடிவமைத்தவை. நிபோங் தெபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. பிறைத் தொழிற்பேட்டையில் சால்டரிங் கோலைப் பிடித்துப் பழகிய கைகள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றில் நம் பிள்ளைகளின் கைகளும். பேட்டரியைப் பார்க்கவும் ஆண்டெனா இணைப்பில் நீர் புகுந்ததைக் கண்டுபிடிக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். அமெச்சூர் வானொலித் தேர்வு எழுத விரும்பும் தொழிலாளர்களுக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் மாநில அரசு வகுப்பு நடத்தி, தேர்வுக் கட்டணத்தையும் ஏற்க வேண்டும்.

செயற்கைக்கோள் இணையம் வந்துவிட்டதே என்பார்கள். வரட்டும், பெரிய நிவாரண மையங்களில் அதையும் வையுங்கள். தட்டும் மின்சாரமும் இல்லாத தாமான் சாய் லெங்கின் ஒரு தெருக்கோடியில் அது இருக்காது. அரசு அமைப்புகளுக்குத் தனி வானொலி வலை இருக்கிறதே என்பதும் உண்மை. அது அதிகாரிகள் தங்களுக்குள் பேச. சூராவ் நிர்வாகியும் கோயில் தலைவரும் பள்ளித் தலைமையாசிரியரும் அதில் பேச முடியாது. வெள்ளம் வந்தால் மக்கள் முதலில் போய் நிற்பது இவர்கள் வாசலில்.

பொறுப்பு ஒருவர் தலையில் இருக்க வேண்டும். நான்கு துறைகளின் கூட்டுக்குழு என்றால், பேட்டரி செத்ததை நான்கு பேரும் கவனிக்க மாட்டார்கள். மாநகர் மன்றத்தில் ஓர் அதிகாரியை நியமித்து, பெயரை அறிவியுங்கள். ஆற்று அளவை நிலையங்களில் கைப்பேசி வழியோடு இரண்டாம் வழியாக இதை இணைக்க வடிகால் நீர்ப்பாசனத் துறை ஒப்புக்கொள்ளட்டும். ஒவ்வொரு நிலையமும் மூன்று நாள் மின்சாரமின்றி ஓட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

வரும் நவம்பர் 4ஆம் தேதி இரவு ஓர் ஒத்திகை வையுங்கள். கைப்பேசியை அணைத்துவிட்டு, மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, பிறையிலிருந்து மாநில அரசு இருக்கும் கொம்தாருக்கு நூறு செய்தி அனுப்புங்கள். எத்தனை சேர்ந்தன, எத்தனைக்குப் பதில் திரும்பியது என்ற இரண்டு எண்களை விடிவதற்குள் எங்களுக்குத் தாருங்கள். நல்ல எண்ணோ மோசமான எண்ணோ, முதல் பக்கத்தில் வெளியிடுகிறோம்.