ஓராண்டுத் தொண்டு

பொதுநலத் தொண்டுக் கழகங்களின் ஆண்டறிக்கைகள் அச்சேறுமுன் எமது மேசைக்கு வருவது வழக்கம். தமிழ் கற்பிப்போர்க்கு ஊரார் அளிக்கும் கௌரவ உத்தியோகம் பிழைதிருத்தம் அன்றோ! வழங்கிய அப்பியாசக் கொப்பிகள் இத்தனை, உலர் உணவுப் பொதிகள் இத்தனை, மூக்குக்கண்ணாடிகள் இத்தனை, தையல் இயந்திரங்கள் இத்தனை, நட்ட மரக்கன்றுகள் இத்தனை என எண்கள் நிரல்பட நிற்கும். சந்திப் பிழைகளைத் திருத்திவிடலாம். ஆயினும் சென்ற ஆண்டு நட்ட கன்றுகள் என்னாயின என்னும் வினாவிற்கு இதுவரை எந்த அறிக்கையிலும் யாம் விடை கண்டதில்லை.

இவ்வாறு வினவுவது கழகங்களை இழித்துரைப்பதற்கு அன்று. தம் தொழிலையும் குடும்பத்தையும் விட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வெயிலில் அலையும் அன்பர்களை யாம் அறிவோம். 1990ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்கும் அதன்பின் வந்த நீண்ட துன்பத்திற்கும் ஆளான இம்மாவட்டத்தில், பிறர் கொடுத்த அரிசியால் உயிர் தாங்கியோர் பலர். 1964 டிசம்பர்ச் சூறாவளியாயினும் 2025 நவம்பரில் வந்த டித்வாப் புயலாயினும், வெள்ளம் வந்த இரவில் ஒரு பொதி சோற்றோடு வருபவனிடம் நெடுநோக்குத் திட்டம் யாதென்று கேட்பது மூடத்தனம். எமது வினா வெள்ளம் வற்றிய பின் எழுவது.

றோட்டரிக் கழகத்திற்கும் லயன்ஸ் கழகத்திற்கும் ஆண்டு பிறப்பது யூலை முதலாந் திகதி. முடிவது யூன் முப்பதாந் திகதி. யூலையிலே புதிய தலைவர் பதவியேற்பார், மாலை சூடுவார், பாடசாலை வளவிலே ஒரு கன்றும் நடுவார். மன்னாரிலோ அது சோளகம் மணலை வாரி இறைக்கும் காலம். ஐப்பசி பிறக்குமுன் நல்ல மழையை எதிர்பார்ப்பதற்கில்லை. நட்ட கன்று ஆவணியிற் கருகும். கருகாது எஞ்சியதை ஆடும் கழுதையும் மேய்ந்துவிடும். (மன்னார்க் கழுதைகளின் தேகபுஷ்டிக்குக் கழகங்கள் ஆற்றிவரும் தொண்டு அறிக்கைகளில் விடுபட்டுப் போவது குறையே.) புரட்டாசியிலே பனங்கொட்டை புதைத்தால், மழை தானே அதை வளர்த்துக்கொள்ளும். ஆனால் அது காய்க்கப் பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். அதற்குள் பதினைந்து தலைவர்கள் வந்து போயிருப்பர்.

தையல் இயந்திரத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. பெற்றுக்கொண்ட கைம்பெண்ணின் நிழற்படம் பத்திரிகையில் வரும். ஆறு திங்கள் சென்றபின் ஊசி முறியும், பட்டி அறும், தைத்த சட்டையை வாங்குவார் யாரென்ற கவலையும் பிறக்கும். அவ்வேளையில் வாசலில் வந்து, “என்ன பிள்ளை, தையல் எப்படிப் போகுது?” என்று கேட்பார் இல்லை. கேட்க வேண்டியவர் அப்போது முன்னாள் தலைவர்.

இவற்றினும் எம்மை வருத்துவது கண் முகாம். 1925ஆம் ஆண்டு ஹெலன் கெல்லர் அம்மையார் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திற் கூடிய லயன்ஸ் மாநாட்டில், பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோளைக் கழகம் நூறாண்டு கடந்தும் மறக்கவில்லை. எமது தீவிலும் முகாம் நடக்கும் நாளில் முதியோர் திரண்டு வருகின்றனர். கண்ணாடியோடு குறை தீர்வோர்க்கு அன்றே பயன் கிட்டும். கண்புரை முற்றியோர்க்கோ ஒரு துண்டு எழுதிக் கொடுக்கப்படும். அத்துண்டை ஏந்திப் பஸ் ஏறி, வைத்தியசாலையிற் பதிந்து, நாள் பெற்று, அறுவைக்குப் பின் கண்ணில் மருந்து விட ஓராளையும் வீட்டில் அமர்த்திக்கொள்வது, தனித்து வாழும் ஒரு மீனவக் கிழவிக்கு இயல்வதா? துண்டு தலையணையின் கீழ் மடிந்து கிடக்கும். அறிக்கையிலே ‘பயன்பெற்றோர்’ தொகையில் அவரும் ஒருவர்.

தலைவர் ஆண்டுதோறும் மாறுவதே குற்றம் என்று கூறிவிடல் எளிது. அஃது உண்மை அன்று என்பதற்கு இக்கழகங்களின் சரித்திரமே சான்று. 1905இல் சிக்காகோ நகரில் தோன்றிய றோட்டரிக் கழகம், 1979இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் அறுபது இலட்சம் குழந்தைகளுக்கு இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து அளிக்கத் தொடங்கியது. 1985இல் அதனை உலகளாவிய பணியாக மேற்கொண்டது. அதன்பின் நாற்பது தலைவர்கள் மாறியும் பணி மாறவில்லை. இலங்கையில் 1995இல் தேசியத் தடுப்பு மருந்து நாட்கள் குறிக்கப்பட்டபோது, வடக்கிற் போர் நடந்துகொண்டிருந்தது. யுனிசெவ் நிறுவனமும் றோட்டரியும் இரு தரப்பினரோடும் பேசி, குழந்தைகளின்பொருட்டு அந்நாட்களிற் படைக்கலங்களை ஓயச் செய்தன. இந்நாட்டில் 1993இன் பின் அந்நோய் எவரையும் முடமாக்கவில்லை. ஆண்டுக்கொரு தலைவரை மாற்றும் சங்கமே இதனைச் செய்தது. வருவோர் ஒவ்வொருவரும் தம் பெயரால் ஒரு புதுத் திட்டம் வேண்டுமென்று அடம்பிடித்திருந்தால் இது நடந்திருக்குமா?

வெளிநாட்டு உதாரணம் எதற்கு என்பார்க்கு நாவலர் பெருமான் இருக்கிறார். 1870களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது அவர் கஞ்சித்தொட்டி அமைத்துப் பசியாற்றினார். பஞ்சம் நீங்கியதும் கஞ்சித்தொட்டியும் நின்றது, நிற்க வேண்டியதே. ஆனால் 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை நிற்கவில்லை. பாழடைந்து கிடந்த எமது திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்குமாறு 1872இல் அவர் விடுத்த அழைப்பும் அவரோடு முடியவில்லை. 1879இல் அவர் சிவபதம் அடைந்தார். கோயில் நிலத்தைச் சைவர்கள் வாங்கியது 1893இல். திருப்பணிச் சபை எழுந்தது 1948இல். 1976இலும் 2022இலும் நாம் கண்ட பெருஞ்சாந்திகள், அழைத்தவர் காணாதவை. எது கஞ்சித்தொட்டி, எது கல்விச்சாலை என்று பிரித்தறிதலே தொண்டின் முதற் பாடம் என்பது எமது துணிபு. இக்காலத்துக் கழகங்களிற் பல, கல்விச்சாலையையும் கஞ்சித்தொட்டி போலவே நடத்துகின்றன.

எமது வீட்டு வாசலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சான்றுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், அந்நோயைப் பரப்பவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு இந்நாட்டில் முதன்முதலாக மன்னாரிலே கண்டுபிடிக்கப்பட்டது. அது முட்டையிடுவது நாம் குடிக்கவும் குளிக்கவும் நீர் அள்ளும் கட்டுக்கிணறுகளில். குடம்பிகளைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விடலாம், வலையிட்டு மூடலாம். ஆயின் மீன் இறந்தால் மறுபடி விடவேண்டும். வலை கிழிந்தால் தைக்கவேண்டும். இதற்குத் திறப்புவிழா இல்லை, பொன்னாடை இல்லை. மாதந்தோறும் ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கும் பொறுமையே வேண்டும். சுகாதாரப் பகுதியினர் அதனைச் செய்துவருகின்றனர்; எத்தனை கிணற்றை அவர்கள் மட்டும் எட்டிப் பார்ப்பது?

இனி, இந்த யூபிலி மலரைக் கையில் ஏந்தியிருக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்போம். விழாவின் பெயரால் நிதி திரளும். அதனைக் கொண்டு மண்டபத்திற்கு முகப்பு அமைத்துப் பெயர் பொறிக்கலாம். வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. ஆனால் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் எம் மாணவர் ஒருமுறை பெருந்தொகை அனுப்புவதினும், நம் பாட்டிமார் உலை வைக்குந்தோறும் ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வைத்தார்களே, அதுபோல் மாதந்தோறும் சிறுதொகை ஒன்றைத் தவறாது அனுப்புவது மேலென்போம். அத்தொகைக்கு இரண்டே பணிகளை ஒதுக்குவோம்: கண் முகாமில் துண்டு பெற்றோரை அறுவைக்கு அழைத்துச் சென்று வீடு சேர்த்தல், கல்லூரியைச் சூழவுள்ள கிணறுகளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வழிகாட்டலோடு பார்த்துவருதல்.

மேல்வகுப்பு மாணவர் இருவர் ஒரு முதியவரோடு சென்றால், பழைய மாணவர் ஒருவர் வாகனம் கொடுத்தால், முதற்பணிக்கு வேறு ஆள் தேவையில்லை. தடித்த அட்டையிட்ட கொப்பி ஒன்று கல்லூரி அலுவலகத்தில் இருக்கட்டும். துண்டு பெற்றவரின் பெயர், ஊர், அறுவை நடந்த நாள், மீண்டும் பார்க்கவேண்டிய நாள் என நான்கு நிரல்கள் போதும். நான்காம் நிரல் நிரம்பாத பெயர் எதனையும் அறிக்கையிற் சேர்த்தலாகாது. யூலை முதலாந் திகதி புதிய தலைவர் பதவியேற்கும்போது, மாலை சூட்டுமுன் அக்கொப்பியை அவர் கையிற் கொடுத்து, நிரம்பாத பெயர்களைச் சபையோர் கேட்க வாசிக்கச் சொல்லலாம்.