சம்பளத்தைத் தீர்மானிப்பது பணியா, நியமனத் தேதியா?

2009 மே 31ஆம் தேதி வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குத் தமிழக அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள், ஜூன் 1ஆம் தேதி சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய். தர ஊதியம் இருவருக்கும் 2,800. கல்வித் தகுதியும் ஒன்றுதான், நடத்தும் பாடமும் ஒன்றுதான். ஆனால், சம்பளத்தில் 3,170 ரூபாய் வித்தியாசம்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை மாநிலத்தில் நடைமுறைப்படுத்தியபோது, பணியில் இருந்தவர்களின் பழைய அடிப்படைச் சம்பளத்தை 1.86ஆல் பெருக்கினார்கள். 4,500 ரூபாய் 8,370 ஆனது. புதிதாக வந்தவருக்குப் பெருக்குவதற்குப் பழைய சம்பளம் ஏது? 5,200-20,200 என்ற ஊதிய விகிதத்தின் அடிமட்டத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசு இந்தச் சிக்கலை முன்கூட்டியே கவனித்தது. நேரடியாக நியமிக்கப்படுவோருக்கு நுழைவு ஊதியம் என்று தனியே ஒரு அட்டவணை போட்டது. அதன்படி, 2,800 ரூபாய் தர ஊதியம் உள்ள பணியில் புதிதாகச் சேர்பவரின் அடிப்படை ஊதியம் 8,560. அப்படியொரு பாதுகாப்பு தமிழ்நாட்டின் இடைநிலை ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. மத்திய அரசின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களோ 9,300-34,800 விகிதத்துக்கும் 4,200 தர ஊதியத்துக்கும் உயர்ந்துவிட்டிருந்தார்கள்.

3,170 ரூபாய் அன்றோடு நின்ற இழப்பு அல்ல. ஆண்டு ஊதிய உயர்வு 3 சதவீதம். தர ஊதியத்தையும் சேர்த்து 11,170 ரூபாயில் தொடங்கியவருக்கு முதல் உயர்வு 335 ரூபாய். 8,000 ரூபாயில் தொடங்கியவருக்கு 240. அகவிலைப்படியும் சதவீதக் கணக்குதான். 2017இல் ஏழாவது ஊதியக் குழுவின்படி எல்லோருக்கும் 2.57ஆல் பெருக்கியபோது, அந்தத் தொடக்க வித்தியாசமும் கூடவே பெருகி 8,147 ரூபாயாயிற்று. ஓய்வூதியத்துக்கான பிடித்தமும் இதே அடிப்படைச் சம்பளத்தில்தான். ஆக, பணிக்காலத்தில் விழுந்த அடி முதுமையிலும் தொடரும்.

இவர்களில் பலர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து, பதிவு மூப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். நியமன ஆணை எந்த மாதம் கைக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை. அரசு எடுத்துக்கொண்ட தாமதத்துக்கு ஆசிரியரிடம் அபராதம் வசூலிப்பது எந்த வகை நியாயம்?

பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர். ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற ஒற்றைக் கோரிக்கையோடு 2022 டிசம்பரில் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் குடும்பத்தோடு உண்ணாவிரதம் இருந்தார்கள். பலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2023 ஜனவரி 1 அன்று மூன்று பேர் கொண்ட குழு அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் அவர்கள் மறுபடியும் அதே வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. திமுகவின் 2021 தேர்தல் அறிக்கையிலேயே இடம்பெற்ற கோரிக்கை இது. 1.86 என்ற பெருக்கலை ஆராய ஒரு குழு தேவையா என்பதே என் கேள்வி.

இடைநிலை ஆசிரியராவது நிரந்தரப் பணியில் இருக்கிறார். அவருக்கும் கீழே இன்னும் படிகள் இருக்கின்றன. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை போன்றவற்றுக்காக 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேர் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. 2021இல் அது 10,000 ஆனது, பிறகு 12,500. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்கு இத்தகைய பயிற்றுநர்கள் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் கட்டாயமாக்கிய பணியில், மே மாத விடுமுறைக்குச் சம்பளம் கேட்டே ஆண்டுகள் பல ஓடிவிட்டன. பணி நிரந்தரம் என்ற வாக்குறுதி இவர்களுக்கும் 2021இல் தரப்பட்டதுதான்.

2022இல் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்ப முடிவெடுத்தபோது, இடைநிலை ஆசிரியருக்கு முதலில் அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,500 ரூபாய். எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது 12,000 ஆக்கப்பட்டது. நிரந்தர இடைநிலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளமோ, படிகள் சேராமலே, 20,600. அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு நடத்த வந்தவர்களுக்கு 5,000.

ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறைக்குள் இந்தப் படிநிலைகள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன. 2009 ஜூனுக்கு முன் வந்தவர், பின் வந்தவர், மேலாண்மைக் குழு வழியாக வந்தவர், பகுதிநேரமாக வருபவர். ஆசிரியர் ஒருவர் தேர்தல் பணிக்குப் போய்விட்டால், அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்வது இருப்பவர்களில் ஒருவர்தான். அவர் எந்த வழியில் நியமிக்கப்பட்டார் என்று தலைமையாசிரியரும் பார்ப்பதில்லை, பிள்ளைகளும் பார்ப்பதில்லை. கருவூலம் மட்டும் பார்க்கிறது.

நிதி நெருக்கடி என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. பீகார் ஒப்பந்த ஆசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே 2019இல் மாநில அரசின் வாதத்தை ஏற்றது உண்மை. 2016இல் பஞ்சாப் அரசுக்கு எதிரான ஜக்ஜித் சிங் வழக்கில், ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கும் நிரந்தர ஊழியருக்குரிய குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று தீர்ப்பளித்ததும் அதே நீதிமன்றம்தான். குறைந்த சம்பளத்துக்கு ஒருவர் சம்மதிப்பது விருப்பத்தால் அல்ல, குடும்பத்தைக் காப்பாற்றத்தான் என்றும் அத்தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நீதிமன்றம் இருபக்கமும் பேசியிருக்கும்போது, முடிவெடுக்கும் பொறுப்பு அரசின் கையில்தான் மிஞ்சுகிறது. நிதி இல்லை என்பது எவ்வளவு காலத்தில் கொடுப்பது என்பதற்கான பதிலாக இருக்கலாம். ஏன் இவருக்கு மட்டும் குறைவு என்பதற்கு அது பதிலாகாது.

ஒரே தவணையில் எல்லாவற்றையும் தீர்க்கச் சொல்லவில்லை. 2009 ஜூன் 1 முதல் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு, அவர்கள் சேர்ந்த நாளிலிருந்தே 8,370 ரூபாயை அடிப்படையாகக் கொண்டு ஊதியத்தைத் திருத்தி நிர்ணயிக்கட்டும். பணப் பயனை இனிவரும் மாதங்களுக்கு வழங்கட்டும். நிலுவையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்து, காலமுறை ஊதியத்துக்கு மாற்றுவதற்கான கால அட்டவணையை அரசாணையாகவே வெளியிடட்டும். இந்த இரண்டுக்கும் இன்னொரு குழு வேண்டாம்.