கொழுந்து எடுத்த கையின் சரித்திரம்

தேயிலைத் தோட்டத்துக்கும் பால்மரத் தோட்டத்துக்கும் மரம் வேறு, மண் வேறு, குளிர் வேறு. ஆனால் பெரட்டுக்களம் ஒன்று, லயம் ஒன்று, கங்காணி போட்ட அதட்டலும் ஒன்று. ஆகவே இலங்கைக்குப் போயிருந்தபோது, கண்டிக்கு அருகே ஹந்தானை மலையில் உள்ள தேயிலைப் பொருட்காட்சிசாலையைப் பார்க்காமல் திரும்ப நமக்கு மனம் வரவில்லை.

1925ல் கட்டிய நாலடுக்குத் தேயிலைத் தொழிற்சாலை அது. வேலை நின்று கிடந்த அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து, 2001ல் பொருட்காட்சிசாலையாகத் திறந்தார்கள். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கும் வரை அந்நாளில் எந்த யந்திரம் எந்த வேலையைச் செய்தது என்பதை அங்கே கண்ணால் காணலாம். நமது ஸ்டோரில் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்து, புகைபோட்டு எடுப்பதைப் போல, அதுவும் ஒரு நுணுக்கமான தொழிலே. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து சுருங்கித்தான் ஒரு கிலோ தேயிலை ஆகிறது. அந்த நாலரை கிலோவையும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிச் சேர்ப்பது யந்திரம் அல்ல; ஒரு பெண்ணின் விரல்கள்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் நினைவுக்கும் அங்கே இடம் உண்டு. 1852ல் இலங்கைக்கு வந்த அவர், 1867ல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869ல் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் பிடித்தது. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை பரவியது. டெய்லரின் முயற்சியை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் காடு வெட்டியவர்கள், குழி தோண்டியவர்கள், கூடை சுமந்தவர்கள் யார்? யந்திரங்களில் செய்த கம்பெனியின் பெயர் வார்ப்பெழுத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த அந்த ஜனங்களின் பெயரைத் தேடினோம், அகப்படவில்லை.

அகப்பட்ட இடம் வேறு. கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், 2007ல் தொழிலாளருக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை அமைத்திருக்கிறார்கள். மாளிகை அல்ல, பழைய லயக் காம்பிராக்கள்தாம். உள்ளே வீட்டுச் சாமான்கள், வேலைக் கருவிகள், படங்கள், பழைய காகிதங்கள். வாசற்படியில் குனிந்து நுழையும்போது, நமது பாட்டி வீட்டுக்குள் போவதுபோல் இருந்தது. விலைமதிப்புள்ள பொருள் ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அங்கே வெகுநேரம் நின்றது அந்தக் காகிதங்களின் முன்னால்தான்.

காரணம் உண்டு. 1948ல் இலங்கை அரசு பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தந்தை அந்நாட்டில் பிறந்தாரா என்று கேட்டது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் யார் எடுத்தார்? 1949ல் வந்த மற்றொரு சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் அங்கே வாழ்ந்ததற்குச் சாட்சி கேட்டது. சுமார் 8 லட்சம் பேருக்காக மனுக்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. மலையையே தோட்டமாக்கிய ஜனங்கள், தாங்கள் அங்கே இருந்ததைக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நாடற்றவர் ஆனார்கள். 1964ல் இரு அரசுகள் உடன்படிக்கை செய்து அவர்களைத் தொகை போட்டுப் பங்கிட்டன. தலைமன்னாரில் கப்பலேறி லட்சக்கணக்கானோர் பிரிந்து போயினர். மீந்திருந்தவர்களுக்கு வழி திறக்க 2003ல் தனிச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பழைய காகிதம் குப்பை என்று எண்ணும் தோழர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நமது நாட்டிலும் 1950, 1960ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, எத்தனையோ குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வெளியேறின. பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. லயம் இடிந்த நாளிலேயே, அங்கே மூன்று தலைமுறை வாழ்ந்ததன் அடையாளமும் மண்ணோடு போயிற்று. இன்றும் அடையாளக் கார்டுக்கும் வேலை செய்த வருஷக் கணக்குக்கும் பத்திரம் தேடி அலைவோர் நம்மிடையே உண்டு.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பால்மரத் தோழர்களே, பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் காகிதம் இவற்றை ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். தாத்தாவின் வெட்டுக் கத்தியையும் பால் மங்கையும் பழைய இரும்புக்காரனிடம் போடாதீர்கள். கிராணிமார்களே, பழைய செக்ரோல் தீக்குப் போகும்முன் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, பெயர்களையாவது பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் கையெழுத்தில்தான் அந்த ஜனங்களின் சரித்திரம் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு அலமாரியை இதற்கென ஒதுக்கட்டும். வயதானவர்கள் சொல்வதை இளைஞர்கள் கைத்தொலைபேசியிலாவது பதிந்து வைக்கட்டும்.

சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் 1877ல் வந்தன. அந்நாளில் நட்டவற்றுள் ஒன்று என்று கோலகங்சாரில் ஒரு மரத்தை இன்றும் காத்து வருகிறார்கள். நல்லதே. மரத்துக்கு வேலி இருக்கிறது. அதன் சந்ததியான கோடிக்கணக்கான மரங்களில் விடியுமுன் பால் வெட்டியவர்களின் பெயருக்கு வேலி கட்ட வேண்டியவர்கள் நாமே.