சுடோகுத் தாளில் பென்சில் குறிப்பு இருக்கட்டும்



மன்னார் தீவிலும் முசலிப் பக்கத்திலும் இருக்கிற பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு விடயம்.

பத்திரிகையில் வரும் சுடோகுவை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல பழக்கம். ஆனால் கட்டத்துக்குள் சின்னதாக இலக்கம் எழுதிப் பார்க்கும் பிள்ளையிடம், "தாளை ஊத்தையாக்காதே, மனசுக்குள்ள யோசி" என்று சொல்லும் வழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. அதைத்தான் விட வேண்டும் என்கிறோம்.

சுடோகுவில் 81 கட்டங்கள். வெறும் 17 இலக்கங்கள் தரப்பட்டாலே ஒரேயொரு விடை வரும் புதிர்கள் இருக்கின்றன. மிச்சம் 64 கட்டங்களை எந்தப் பிள்ளை மனதில் சுமக்கும்? சுமக்க முடியாத பிள்ளை ஊகிக்கத் தொடங்கும். ஊகம் பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று தெரியாது. முழுத்தாளையும் அழித்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது" என்று எழுந்து போய்விடும்.

குறிப்புக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். எல்லாக் கட்டத்திலும் எல்லா இலக்கத்தையும் நிரப்பினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு 3×3 பெட்டிக்குள் ஓர் இலக்கம் இரண்டே கட்டங்களில்தான் வரலாம் என்றால் மட்டும் அந்த இரண்டின் மூலையிலும் சின்னதாக எழுதட்டும். ஒரே இரண்டு இலக்கங்கள் ஒரே இரண்டு கட்டங்களில் சோடியாக நின்றால், அந்தக் கட்டங்களில் வேறு எதுவும் வராது. ஓர் இலக்கம் உறுதியானதும் அதன் நிரை, நிரல், பெட்டி மூன்றிலும் உள்ள அதே குறிப்பை உடனே வெட்ட வேண்டும். அழிறப்பர் தேவையில்லை, ஒரு கோடு போதும். அப்போதுதான் வந்த வழி தாளில் இருக்கும்.

கைபேசியில் ஆடினால், பல செயலிகளில் ஒரு பொத்தானை அழுத்தியதும் குறிப்புகள் தானாக நிரம்பிவிடும். பிள்ளை பழக வேண்டிய வேலையை இயந்திரம் செய்துவிடுகிறது. அதனால்தான் தாளும் பென்சிலும் என்கிறோம்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் கொப்பியில் எழுதினார். 1920இல் 32 வயதில் காலமானார். அந்தக் கொப்பிகளில் இருந்த முடிவுகளுக்கு நிறுவல்களைத் தொகுத்து அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பேர்ண்ட் ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். முதலாவது வந்தது 1985இல், கடைசி 1998இல். ஒரு மேதை அழித்த வழியைத் தேட இவ்வளவு உழைப்பு. நம் பிள்ளைகள் அழிக்கிற வழியை யார் தேடுவார்?

க.பொ.த. சாதாரண தரக் கணித வினாத்தாளில் விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு. செய்கையை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு அந்தப் புள்ளி கிடைக்காது. பதினொன்றாம் தரத்தில் வந்து இதைப் பழக்குவது கஷ்டம். ஆறாம், ஏழாம் தரத்தில் விளையாட்டாகப் பழகினால் கையோடு வந்துவிடும்.

ஆகவே இந்த வார விடுமுறையில் ஒரு சுடோகுவை வெட்டிக் கொடுங்கள். பிள்ளை முடித்துக் கொண்டுவந்தால் விடை சரியா என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கட்டத்தைக் காட்டி, "இது 7 என்று எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். குறிப்பைக் காட்டி விளக்கினால், விடை வராவிட்டாலும் பாராட்டுங்கள்.